கூடையில தொங்குற கவிஞரைத் தேடி: பழைய பிரிண்ட் ஒண்ண முதல் தடவ உக்காந்து பாக்கப் போறவங்களுக்கு

இந்தப் படத்த நான் முதல் தடவ போன்ல பாத்தப்போ தலைப்பு மாறிப் போச்சுன்னுதான் நெனச்சேன். 'கூடையில் தொங்கும் கவிஞர் வெர்ஜில்'னு போட்ருந்துச்சு, ஆனா படத்துல கவிஞரும் இல்ல கூடையும் இல்ல, யாரோ ஊர்க்காரங்க கூட்டமா தெருவுல நின்னு பேசிட்டு இருக்காங்க. அப்படியே தள்ளி விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு லேப்டாப்ல பெருசா திறந்தப்போதான் அந்தக் கூடை கண்ணுல பட்டுச்சு. தூரத்துல, சின்னதா, ஒரு கட்டடத்துச் சுவரோட ஒட்டித் தொங்கிட்டு இருக்கு. ரெண்டு மாசம் என்னைய முட்டாளாக்கினது அந்தப் படம் இல்ல, நான் பாத்த விதம்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. அதனால இந்த ஒரே ஒரு படத்த வெச்சே, பழைய பிரிண்ட, அதாவது தகடுலயோ மரக்கட்டையிலயோ செதுக்கி பேப்பர்ல அச்சடிச்ச படத்த, எப்படிப் பாக்கணும்னு எனக்குத் தெரிஞ்ச வரிசையில சொல்றேன். ஓவியப் படிப்பு எதுவும் வேண்டாம், எனக்கும் கிடையாது.

படம்: லூகாஸ் வான் லைடன் செஞ்சது, 1525. நெதர்லாந்துல இருக்கிற லைடன் ஊர்க்காரர், அதான் பேர்லயே ஊர் ஒட்டிக்கிட்டு இருக்கு. 1494 வாக்குல பொறந்தவர்னு பொதுவா சொல்வாங்க, 1533ல செத்துட்டார். 1508ன்னு தேதி போட்ட செப்புத்தகடு பிரிண்ட் அவரோடது இருக்கு, பொறந்த வருஷக் கணக்கு சரின்னா அப்போ அவருக்கு பதினாலு வயசு, நம்ம வீட்டுப் பசங்க ஒம்போதாங்கிளாஸ் படிக்கிற வயசு.

முதல் வேலை: நல்ல படத்த எடுங்க

சும்மா கூகுள் இமேஜஸ்ல வர்ற மங்கல் படத்த வெச்சுக்கிட்டு எதுவும் பண்ண முடியாது. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம், வாஷிங்டன் நேஷனல் கேலரி இந்த மூணும் பழைய படைப்புகளோட பெரிய சைஸ் படங்கள காசு வாங்காம டவுன்லோட் பண்ண விடறாங்க, லூகாஸ் பிரிண்ட்ஸ் மூணு இடத்துலயும் இருக்கு. அவங்க சைட்டுல தேடுற பெட்டியில ஓவியர் பேர இங்கிலீஷ்ல டைப் பண்ணி கூடவே வெர்ஜில்னு போடுங்க. ரைக்ஸ்மியூசியத்துல டச்சுப் பேரும் ஓடும், அங்க வெர்ஜிலியஸ்னு போட்டுப் பாருங்க. ஒரே படம்தானேன்னு ஒண்ணோட நிறுத்தாதீங்க, ரெண்டு மியூசியத்துல கிடைச்சா ரெண்டையும் இறக்கி வெச்சுக்கோங்க, எதுக்குன்னு பின்னாடி சொல்றேன்.

தேடும்போது அதே லூகாஸ் அதே கதைய மரக்கட்டையிலயும் செதுக்கிருக்கிறது வந்து நிக்கும், அது சுமார் 1512 வாக்குல செஞ்சது, ஏறக்குறைய 40 செ.மீ. உயரம். நம்ம 1525 படம் அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான், சுமார் 24 செ.மீ. உயரம் 19 செ.மீ. அகலம். ஸ்கிரீன்ல எல்லாமே ஒரே சைஸ்ல தெரியும், அதனால ஒரு நோட்டுப் பேப்பர்ல ஸ்கேல் வெச்சு 24க்கு 19 கட்டம் வரைஞ்சு மேஜை மேல வெச்சுக்கோங்க. நான் இத முதல்ல கிண்டலா நெனச்சேன், ஆனா வரைஞ்சு பாத்தப்புறம்தான் இது சுவத்துல மாட்டி தள்ளி நின்னு பாக்கிற சாமான் இல்ல, கையில எடுத்து மூக்குக்குக் கிட்ட வெச்சுப் பாக்கிற சாமான்னு உறைச்சுது.

கதை படிக்காம பாருங்க, அஞ்சு நிமிஷம்

இது கஷ்டமான வேலை, ஏன்னா நமக்கு உடனே விளக்கம் படிக்கணும்னு கை அரிக்கும். அடக்கிக்கோங்க. டைமர் போடுங்க. முன்னாடி நிக்கிறவங்கள்ல யார் யாரப் பாக்குறா, யாரோட கை எங்க நீளுது, யார் பேசுறா யார் கேக்குறான்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. உடுப்பப் பாருங்க, தொப்பியப் பாருங்க, இது ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோம்ல நடக்குற கதைங்கிற பாவனையே அதுல கிடையாது, லூகாஸ் காலத்துக்காரங்க மாதிரிதான் உடுத்தியிருக்காங்க. அப்புறம்தான் அவங்க தோளுக்கு மேல தாண்டி பின்னாடி போங்க. கூடை எங்க இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே கண்டுபிடிங்க, அந்த ஒரு நிமிஷம் கிடைக்கிற சந்தோஷத்த நான் ஏன் கெடுக்கணும்.

கண்டுபிடிச்சாச்சா? இப்ப கதைக்கு வருவோம்.

கதை

நெஜ வெர்ஜில் கி.மு. 70ல இத்தாலியில மாந்துவா பக்கத்துல பொறந்தவர், ஈனியட் காவியம் எழுதினவர், கி.மு. 19ல பிரிண்டிசில செத்தார், நேப்பிள்ஸ்ல புதைச்சாங்க. கூடைக்கும் இவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனா பெரிய கவிஞர்னா ஊர் சும்மா விடுமா, செத்து ஆயிரம் வருஷம் கழிச்சு அவர மந்திரவாதியாவே ஆக்கிட்டாங்க. நேப்பிள்ஸுக்குள்ள ஈ வராம இருக்க வெண்கலத்துல ஒரு ஈ செஞ்சு வெச்சாருன்னு ஒரு கதை, அது 12ஆம் நூற்றாண்டுலயே எழுத்துல வந்துடுச்சு. கடலோரக் கோட்டைக்கு அடியில ஒரு முட்டைய ஒளிச்சு வெச்சிருக்கார், அது உடைஞ்சா ஊரே போயிடும்னு இன்னொண்ணு, இன்னைக்கும் அந்தக் கோட்டைக்குப் பேரு முட்டைக் கோட்டைதான். மலையக் குடைஞ்ச சுரங்கப்பாதைய ஒரே ராத்திரியில போட்டார்ங்கிறது இன்னும் ஒண்ணு. இன்னொரு பக்கம், அவரோட நாலாவது எக்லாக் கவிதையில ஒரு குழந்தை பொறக்கப் போறதப் பாடியிருக்கார், அது இயேசு கிறிஸ்துவைத்தான் முன்கூட்டியே சொன்னதுன்னு பல பேர் நம்பினாங்க. ஈனியட் புத்தகத்த கண்ண மூடித் திறந்து விரல் வெச்ச வரியில ஜோசியம் பாத்தவங்களும் உண்டு. தாந்தே நரகத்துக்கு வழிகாட்டியா கூட்டிட்டுப் போனதும் இவரத்தான். அப்பேர்ப்பட்ட ஆள்.

அந்த ஆளுக்கு ரோம் சக்கரவர்த்தி பொண்ணு மேல ஆச. (சில இடத்துல பொண்ணு வேற யாரோவா வருவா, கதை ஊருக்கு ஊர் மாறும்.) அவளும் சரின்னு சொல்லி, ராத்திரி எங்க கோபுரத்துக்குக் கீழ வாங்க, கூடைய இறக்குறேன், உள்ள உக்காருங்க, நான் மேல இழுத்துக்கிறேன்னு ஏற்பாடு. இவரும் போய் உக்காந்தார். பாதி தூரம் இழுத்துட்டு கயித்தக் கட்டிப் போட்டுட்டு அவ தூங்கப் போயிட்டா. விடிஞ்சுது. சந்தைக்குப் போற கூட்டம், வேலைக்குப் போற கூட்டம், எல்லாரும் அண்ணாந்து பாத்து சிரிக்குறாங்க. உலகத்துலயே பெரிய அறிவாளி அந்தரத்துல தொங்குறார், ஏறவும் முடியல இறங்கவும் முடியல. மந்திரவாதிதானே, மந்திரம் போட்டு இறங்கியிருக்கலாமேன்னு எனக்குத் தோணும், கதைக்கு அந்தக் கேள்வியே வராது.

இதுக்கு ரெண்டாம் பாகம் ஒண்ணு இருக்கு, அது சிரிக்கிற கதை இல்ல. அவமானத்துக்குப் பழி வாங்க வெர்ஜில் ரோம் முழுக்க எரியிற தீயெல்லாம் அணைச்சுட்டாராம், அடுப்பு எரியல விளக்கு எரியல. தீ வேணும்னா அந்தப் பொண்ண நடு மைதானத்துல நிக்க வெச்சு அவ உடம்புல இருந்துதான் எடுத்துக்கணும், ஒருத்தர் எடுத்தத இன்னொருத்தருக்குக் குடுத்தா அணைஞ்சு போயிடும், அதனால ஊர்ல ஒவ்வொருத்தரும் தனித்தனியா அவகிட்ட வரணும். படிச்சப்போ எனக்கு வயித்தப் பெரட்டுச்சு. ஒரு ராத்திரி கூடையில உக்காந்ததுக்கு இது என்ன தண்டனை. ஆனா அந்தக் காலத்துல இதையும் கதையோட கதையா சொல்லி, படமும் போட்டிருக்காங்க. ஜெர்மனியில நியூரம்பர்க்ல இருந்த கேயார்க் பென்ட்ஸ்ங்கிற ஓவியர், 1540கள் வாக்குல, கூடைய ஒரு பிரிண்டாவும் பழிவாங்கினத இன்னொரு பிரிண்டாவும் செஞ்சார். (இந்த பென்ட்ஸ் ஆளே ஒரு தனிக் கதை, மத விஷயத்துல ஏடாகூடமா பேசினார்னு விசாரிச்சு நியூரம்பர்க்ல இருந்து வெளியேத்தினாங்க, அது நடந்தது நம்ம படத்துல போட்ருக்கிற அதே 1525ல.) நம்ம 1525 படத்துல லூகாஸ் கூடையோட நிறுத்திட்டார், தீக்குப் போகல, அதுக்காகவே எனக்கு அவர் மேல ஒரு மரியாதை.

இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும், இந்தக் கூடைக் கதை தனியா சுத்தல. பெரிய ஆம்பளைங்க பொம்பளைங்களால ஏமாந்த கதைன்னு ஒரு கட்டு உண்டு, பெண்களின் வல்லமைன்னு அதுக்குத் தலைப்பு. ஆதாம் ஏவாள், சிம்சோன் தெலீலாள், சிலை கும்பிட்ட சாலமோன், பொண்ண முதுகுல ஏத்திக்கிட்டு நாலு கால்ல நடந்த அரிஸ்டாட்டில், அந்த வரிசையில கூடையில தொங்குற வெர்ஜில். லூகாஸோட மரக்கட்டைப் படம் அந்த மாதிரி ஒரு செட்டுல ஒண்ணுதான். பிரான்ஸ்ல கான் ஊர் சேன் பியேர் சர்ச்சுல 14ஆம் நூற்றாண்டுத் தூண் ஒண்ணுல அரிஸ்டாட்டிலையும் வெர்ஜிலையும் கல்லுலயே செதுக்கி வெச்சிருக்காங்க, சர்ச்சுக்குள்ள. வல்லமைன்னு பேரு வெச்சாலும் புத்தி சொல்றது என்னமோ ஆம்பளைங்களுக்குத்தான், பொம்பளைகிட்ட ஜாக்கிரதையா இருடான்னு. இத மனசுல வெச்சுக்கிட்டு படத்தப் பாக்கிறது நல்லது, இல்லன்னா வெறும் ஜோக்கா போயிடும்.

இப்ப திரும்பப் பாருங்க, பின்னாடி இருந்து முன்னாடி

கதை தெரிஞ்சவங்க எல்லாரும் பண்ற தப்பு, நேரா கூடையப் பாத்துட்டு ஆங் இதான் வெர்ஜில்னு டிக் அடிச்சுட்டு கிளம்பிடறது. லூகாஸ் அதுக்கா இவ்வளவு பாடுபட்டார்? கவிஞர் ஒரு விரல் நுனியால மறைக்கிற அளவுக்குத்தான் இருக்கார், முன்னாடி நிக்கிற பேர் தெரியாத ஆளுங்களுக்குத்தான் முகம், துணி மடிப்பு, கை ஜாடை எல்லாம் பாத்துப் பாத்து செதுக்கியிருக்கார். அதாவது படத்தோட ஹீரோ தொங்குறவர் இல்ல, பாக்குறவங்க. விடிஞ்சதும் தெருவுல நியூஸ் பரவுற அந்த நேரத்த அவர் பிடிச்சிருக்கார், கேட்டீங்களா விஷயத்தங்கிற அந்தக் குரல். என்னோட கணக்குல இது கவிஞரப் பத்தின படமே இல்ல, ஊர்வாயப் பத்தின படம்.

இது ஒரு தடவ தற்செயலா வந்ததும் இல்ல. 1510ல இவர் இயேசு கிறிஸ்துவை ஜனங்க முன்னாடி நிறுத்துற காட்சிய செஞ்சார், அதுலயும் பெரிய மைதானம், முன்னாடி பூரா கூட்டம், கிறிஸ்து தூரத்துல மேடையில சின்னதா. நூத்தி நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு, 1655ல, ரெம்ப்ராண்ட் அதே காட்சிய பிரிண்டா செஞ்சப்போ லூகாஸ் படத்த மனசுல வெச்சுத்தான் செஞ்சார், ரெண்டையும் பக்கத்துல வெச்சா உங்களுக்கே தெரியும். ரெம்ப்ராண்டும் லைடன்காரர்தான், லூகாஸ் பிரிண்ட்ஸ சேத்து வெச்சிருந்தவர்.

ஒரு சின்னப் பயிற்சி. வெள்ளப் பேப்பர வெச்சு முதல்ல கூடை இருக்கிற பகுதிய மறைச்சுட்டுப் பாருங்க, அப்புறம் முன்னாடிக் கூட்டத்த மறைச்சுட்டுப் பாருங்க. முதல்ல சொன்னதுல படம் இன்னும் ஏதோ சொல்லும், ரெண்டாவதுல ஒரு கட்டடம், ஒரு கூடை, அவ்வளவுதான், செத்துப் போயிடும். நான் இத என் தங்கச்சி பொண்ணுகிட்ட பண்ணிக் காமிச்சேன், அவ உடனே, "மாமா இது ஆக்சிடென்ட் நடந்த எடத்துல கூட்டம் நிக்கிற மாதிரி இருக்கு"ன்னா. நான் இவ்வளவு படிச்சு வந்து சேந்த எடத்துக்கு அவ அரை நிமிஷத்துல வந்துட்டா.

கோட்டப் பாருங்க: செம்பா, மரமா

இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, பொறுமையா படிங்க.

மரக்கட்டையில, கோடு வேணுங்கிற எடத்த விட்டுட்டு மத்ததெல்லாம் வெட்டி எடுத்துடுவாங்க, மேடா நிக்கிறதுல மை ஒட்டும், ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி. அதனால கோடு தடிமனா, கிட்டத்தட்ட ஒரே கனமா இருக்கும். செப்புத்தகடுல அதுக்கு நேர் எதிர். பாலிஷ் பண்ண தகடுல கூர்மையான எஃகு உளிய உள்ளங்கையால தள்ளி பள்ளம் போடுவாங்க, தகடு முழுக்க மை தடவி மேல இருக்கிறதத் தொடச்சு எடுத்துட்டா பள்ளத்துக்குள்ள மட்டும் மை நிக்கும், ஈரப் பேப்பர மேல போட்டு உருளை பிரஸ்ல அழுத்தினா பேப்பர் அந்தப் பள்ளத்துக்குள்ள புகுந்து மைய இழுத்துட்டு வரும். உளி உள்ள போற எடத்துல கோடு மெல்லிசா ஆரம்பிச்சு, நடுவுல பருத்து, வெளிய வர்ற எடத்துல ஊசி முனையா முடியும். ஜூம் பண்ணி ஒரு துணி மடிப்பப் பாருங்க, அந்த வீங்குற கோடு தெரியும். அது தெரிஞ்சா செம்பு. லூகாஸோட மரக்கட்டை வெர்ஜில பக்கத்துல திறந்து வெச்சுப் பாத்தீங்கன்னா இனிமே வாழ்க்கையில இந்த ரெண்டையும் குழப்பிக்க மாட்டீங்க.

இப்ப முன்னாடிக் கூட்டத்துல இருக்கிற கோடுகளையும் பின்னாடிக் கட்டடத்துல இருக்கிற கோடுகளையும் ஒப்பிடுங்க. பின்னாடி போகப் போக கோடு மெல்லிசாகி வெளிறிப் போகும், தூரத்துல இருக்கிறது புகை மாதிரி தெரியுதுல்ல நெஜத்துல, அத கறுப்பு மை ஒண்ண மட்டும் வெச்சுக்கிட்டு கொண்டு வந்திருக்கார். மையும் ஒண்ணுதான் பேப்பரும் ஒண்ணுதான், வித்தியாசம் பூரா உளி எவ்வளவு ஆழமா எவ்வளவு நெருக்கமா போச்சுங்கிறதுலதான். 16ஆம் நூற்றாண்டுலயே இத்தாலியில வசாரி, ஓவியர்களோட வாழ்க்கைய எழுதினவர், லூகாஸ இதுக்காகவே புகழ்ந்திருக்கார், தூரத்துப் பொருள் கொஞ்சம் கொஞ்சமா கண்ணுக்கு மங்குற மாதிரி செஞ்சிருக்கார்னு. நம்ம கூடை வெர்ஜிலையும் பேர் சொல்லியே பாராட்டியிருக்கார். நான் முதல் நாள் கூடையத் தவற விட்டதுக்குக் காரணம் போன் சின்னதுங்கிறது மட்டும் இல்ல, அவர் வேணும்னேதான் அத வெளிறவிட்டிருக்கார்.

இதுக்கு ஒரு விலையும் உண்டு. மெல்லிய கோடுன்னா பள்ளம் ஆழம் கம்மி, ஒவ்வொரு தடவ மை தொடைக்கும்போதும் அழுத்தும்போதும் செம்பு கொஞ்சம் தேயும், ஆழமில்லாத கோடு முதல்ல போயிடும். அதனால ஆரம்பத்துல அடிச்ச பிரதியில கறுப்பு நல்ல கறுப்பா, தூரத்து விவரம் எல்லாம் தெளிவா இருக்கும், பின்னாடி அடிச்சதுல எல்லாம் சாம்பலா போயிருக்கும். ரெண்டு மியூசியத்துல இருந்து இறக்கச் சொன்னேன்ல, இதுக்குத்தான். ரெண்டையும் பக்கத்துல வெச்சு கூடை இருக்கிற எடத்த மட்டும் பாருங்க. போட்டோ எடுத்த வெளிச்சம் வித்தியாசம் பண்ணும், அத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, முழு கறுப்ப நம்பாதீங்க, மெல்லிய கோடு விட்டு விட்டுப் போயிருக்கான்னு பாருங்க.

கையெழுத்து, தேதி, கண்ணாடி விளையாட்டு

இங்கிலீஷ் 'L'ங்கிற ஒரே ஒரு எழுத்துதான் லூகாஸோட கையெழுத்து. அதையும் 1525ங்கிறதையும் படத்துக்குள்ள தேடிக் கண்டுபிடிங்க. தகடுல எது செதுக்கினாலும் பேப்பர்ல இடது வலது மாறித்தான் விழும், அதனால எழுத்து நேரா வரணும்னா தகடுல தலைகீழா இல்ல, கண்ணாடியில தெரியிற மாதிரி திருப்பிச் செதுக்கணும். உங்க பேர அப்படி ஒரு தடவ எழுதிப் பாருங்க, அப்பதான் தெரியும். இன்னொரு ஓவியர் இவரோட பிரிண்டப் பாத்து அப்படியே தகடுல காப்பி அடிச்சா, அச்சுல அது திரும்பி விழும். அதனால முழுப் படமும் இடம் வலம் மாறி இருக்கிற ஒரு வெர்ஜில் எங்கயாவது கண்ணுல பட்டா அது காப்பின்னு முதல் சந்தேகம் வரணும்.

ஆடம் பார்ட்ஷ்னு வியன்னாக்காரர் ஒருத்தர் 1803ல இருந்து 1821 வரைக்கும் 21 வால்யூம் போட்டு பழைய பிரிண்ட்ஸுக்கு வரிசையா நம்பர் குடுத்தார், இன்னைக்கும் மியூசியக்காரங்களும் ஏலக்காரங்களும் அந்த நம்பரத்தான் சொல்றாங்க. நம்ம படம் லூகாஸ்ல 136. படத்துக்கு மியூசியத்துக்கு மியூசியம் பேரு மாறும், நம்பர் மாறாது, குறிச்சு வெச்சுக்கோங்க.

லூகாஸ் காலத்து ஜெர்மன் ஓவியர் டியூரர் பத்தி ஒரு வார்த்த சொல்லாமப் போனா கோவிச்சுப்பாங்க. 1521ல டியூரர் ஆன்ட்வெர்ப்புல இருந்தப்போ லூகாஸ் அவர விருந்துக்குக் கூப்பிட்டார், டைரியில டியூரர் இவர குட்டியான மனுஷன்னு எழுதி வெச்சிருக்கார், வெள்ளி ஊசியால இவர் முகத்த வரைஞ்சும் குடுத்தார். ரெண்டு பேரும் படைப்புகள மாத்திக்கிட்டாங்க. வெர்ஜில் படம் அதுக்கு நாலு வருஷம் கழிச்சு.

வாங்கணும்னு ஆச வந்தா

வரும், எனக்கும் வந்துச்சு, ஏமாந்தும் போனேன். ஆன்லைன்ல ஒருத்தர் 'ஒரிஜினல் பழைய என்கிரேவிங்'னு, அதாவது செப்புத்தகடு பிரிண்ட்னு, லூகாஸோட வேற ஒரு படத்த பிரேம் போட்டு வித்தார், விலை கம்மியா இருந்துச்சு, அந்த எடத்துலயே நான் உஷாராகியிருக்கணும். வந்ததும் பத்து மடங்கு லென்ஸ் வெச்சுப் பாத்தா கோடே இல்ல, பூரா புள்ளி புள்ளியா இருக்கு, ஏதோ புத்தகத்துல இருந்து கிழிச்ச பக்கம். அதனால லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோங்க, கோட்டுக்குள்ள புள்ளி வரிசை தெரிஞ்சா அது நவீன ஆப்செட் அச்சு, கதை முடிஞ்சுது.

புள்ளி இல்லன்னா மட்டும் சந்தோஷப்படாதீங்க. 19ஆம் நூற்றாண்டுல பாரிஸ்ல அமான் துராண்டுனு ஒருத்தர் டியூரர், லூகாஸ், ரெம்ப்ராண்ட் பிரிண்ட்ஸ போட்டோ முறையில செப்புத்தகடுக்கு மாத்தி நெஜமாவே பிரஸ்ல அடிச்சார், கோடு, தகடு அழுந்தின தடம் எல்லாம் அசல் மாதிரியே இருக்கும். ஏமாத்தணும்னு செய்யல, பின்பக்கம் செவப்பு முத்திரை குத்தித்தான் வெளியிட்டார், ஆனா பிரேமுக்குள்ள இருந்தா பின்பக்கம் எங்க தெரியுது. அதனால பிரேமக் கழட்டாம எதையும் வாங்காதீங்க. பேப்பர வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாக்க விடச் சொல்லுங்க, அந்தக் காலத்துப் பேப்பர் பழைய துணியக் கூழாக்கி கம்பிச் சல்லடையில அள்ளினது, அந்தக் கம்பி வரிகள் நெருக்கமா தெரியும், அதிர்ஷ்டம் இருந்தா நீர்க்குறியும், அதான் வாட்டர்மார்க், தெரியும். விக்கிறவர் பேப்பரப் பிடிச்சுப் பாக்க விடலைன்னா நீங்க வணக்கம் சொல்லிட்டு வந்துடுங்க.

நேர்ல பாக்குறது

மியூசியத்துக்குப் போனா சுவத்துல மாட்டியிருக்கும்னு நெனச்சுப் போகாதீங்க. பழைய பேப்பர் வெளிச்சத்துல கெட்டுப் போகும், அதனால பிரிண்ட்ஸ எப்பவாவது ஒரு எக்ஸிபிஷனுக்குத்தான் வெளிய எடுப்பாங்க, மத்த நேரம் பெட்டிக்குள்ள இருட்டுல தூங்கும். லைடன்ல லாக்கன்ஹால் மியூசியத்துல இவரோட கடைசித் தீர்ப்பு ஓவியம் மூணு பலகையா எப்பவும் பாக்கக் கிடைக்கும், கலர்ல லூகாஸ் எப்படி இருப்பார்னு தெரிஞ்சுக்க அது போதும். பிரிண்டுக்கு வேற வழி: பெரிய மியூசியங்கள்ல பிரிண்ட் ரூம்னு ஒண்ணு இருக்கு, முன்கூட்டியே எழுதிக் கேட்டா நமக்காக பெட்டியில இருந்து எடுத்து மேஜை மேல வெப்பாங்க. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல அப்படி இருக்கு, காசு கிடையாது, ஆம்ஸ்டர்டாம்லயும் இருக்கு. பேராசிரியரா இருக்கணும்னு அவசியம் இல்ல, என்ன பாக்கணும்னு தெளிவா சொன்னா போதும், அதனால மெயில்ல ஓவியர் பேரு, 1525, பார்ட்ஷ் 136ன்னு எழுதுங்க, கூடவே அந்த மரக்கட்டை வெர்ஜிலும் இருந்தா சேத்துக் கேளுங்க.

போற அன்னைக்கு கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவி ஈரம் போகத் தொடச்சுக்கோங்க. லென்ஸ் எடுத்துட்டுப் போங்க. படம் மேஜைக்கு வந்ததும் போட்டோ எடுக்கக் கிளம்பாதீங்க, அதவிட நல்ல போட்டோ உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு, அதுக்குப் பதிலா தலைய சாய்ச்சு வெளிச்சம் பக்கவாட்டுல விழுற மாதிரி பாருங்க, நல்ல பிரதியா இருந்தா மை கோட்டுல லேசா மேடு கட்டி நிக்கிறது தெரியும், எந்த ஸ்கிரீன்லயும் அது வராது. குறிப்பு எழுத பேனாவ உள்ள விட மாட்டாங்க, பென்சில் ரெண்டு சீவி எடுத்துட்டுப் போங்க.